மைதானம் யார் பெயரில் இருக்கும்?

கேள்வி: இங்கிலாந்தில் லீக் ஒன் எனும் மூன்றாம் டிவிஷனில் ஆடும் ஒரு கால்பந்து கிளப்பின் சீசன் டிக்கெட்காரன் நான். ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் சப்போர்ட்டர்ஸ் டிரஸ்டின் செயற்குழுவிலும் இருக்கிறேன். கிளப்பின் முதலாளி கிளப்பை நேசிப்பவர்தான், ஆனால் அவருக்கு வயதாகிவிட்டது, விற்கப்போகிறார். இரண்டு பேர் வாங்க வந்திருக்கிறார்கள். முதலாமவர், பழைய மைதானத்திலேயே ஒவ்வொரு ஸ்டாண்டாக இடித்துக் கட்டி, 12,000 இருக்கைகளை 18,000 ஆக்குவதாகச் சொல்கிறார். இரண்டாமவர் ஊருக்கு வெளியே 25,000 பேர் உட்காரும் புது ஸ்டேடியம் கட்டுவாராம். பழைய இடத்தைக் குடியிருப்புகளுக்கு விற்றுவிடுவாராம். எங்கள் ஆட்டங்களுக்குச் சராசரியாக 9,000 பேர் வருகிறார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் முதலாமவர் பக்கம், நானும்தான். இருவரின் அறிக்கைகளையும் இணைத்திருக்கிறேன். டிரஸ்ட் யாரை ஆதரித்து அறிக்கை விடலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு அறிக்கைகளையும் வரி விடாமல் படித்தேன். பழைய இடமா, புது இடமா என்று கேட்கிறீர்கள். அதற்கும் வருகிறேன். அதற்கு முன், உங்களுக்குப் பிடித்த முதலாமவரின் அறிக்கையில் நான்காம் பக்கத்தின் அடியில் இருக்கும் ஒரு வரியைப் பாருங்கள். மைதானத்தின் நிலம் "நீண்டகாலப் பாதுகாப்புக்காக" ஒரு தனி நிறுவனத்துக்கு மாற்றப்படும், கிளப் அதைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும் என்கிறது அது. அந்த நிறுவனம் யாருடையது என்று எங்கும் எழுதவில்லை. குத்தகை எத்தனை வருடம், வாடகை எவ்வளவு என்பதும் இல்லை. கிளப் விற்பனைகளில் கணக்கும் ஒப்பந்தமும் பார்ப்பது என் தொழில். அந்த அறிக்கையில் உள்ள வண்ணப் படங்கள், ஸ்டாண்டுகளின் வரைபடங்கள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்கு எழுத்தில் விளக்கம் வாங்காமல் டிரஸ்ட் எந்த அறிக்கையும் விடக் கூடாது.

உங்கள் அளவிலான ஒரு கிளப்பிடம் உண்மையான சொத்து என்று இருப்பது நிலம் ஒன்றுதான். ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் இரண்டு மூன்று வருடத்தில் முடிந்துவிடும். ஒரு டிவிஷன் இறங்கினால் டிவி பணம் சுருங்கிவிடும். வருடா வருடம் நஷ்டத்தைத் தாங்கிவரும் முதலாளி ஒருநாள் போதும் என்று விலகும்போது, அடுத்து வருபவரிடம் காட்டக் கிளப்பின் கையில் ஏதாவது இருக்க வேண்டும். நிலம் தனியாகப் போயிருந்தால், வாங்க வருபவர் கிளப்புக்கு ஒருவரிடமும் மைதானத்துக்கு இன்னொருவரிடமும் விலை பேச வேண்டும். மைதானத்தை வைத்திருப்பவருக்கு அவசரம் இருக்காது. சம்பளம் கொடுக்க வேண்டிய கிளப்புக்குத்தான் அவசரம்.

டார்பி கவுன்ட்டி கிளப்பில் இது நடந்தது. 2018-ல் அப்போதைய முதலாளி மெல் மோரிஸ், கிளப்பிடமிருந்து பிரைடு பார்க் ஸ்டேடியத்தைத் தன் இன்னொரு நிறுவனத்துக்குச் சுமார் 8.1 கோடி பவுண்டுக்கு வாங்கினார். அந்த வருடக் கணக்கில் லாபம் தெரிந்தது. செலவுக் கட்டுப்பாட்டு விதிகளைச் சமாளிக்க முடிந்தது. 2021 செப்டம்பரில் கிளப் கடனைச் சமாளிக்க முடியாமல், திவால் சட்டப்படி பொறுப்பேற்கும் நிர்வாகிகளின் கைக்குப் போனது. அந்தச் சீசனில் மொத்தம் 21 புள்ளிகள் வெட்டப்பட்டு, அணி லீக் ஒன்னுக்கு இறங்கியது. வாங்க வந்தவர்களுக்கெல்லாம் மைதானம் தனியாக இருந்தது ஒரு முட்டுக்கட்டை. கடைசியில் 2022-ல் உள்ளூர்க்காரரான டேவிட் கிளவ்ஸ் முதலில் ஸ்டேடியத்தையும் பிறகு கிளப்பையும் வாங்கியதால்தான் இரண்டும் மறுபடி ஒரே கைக்கு வந்தன. ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயிலும் ஹில்ஸ்பரோ மைதானத்தை அதன் முதலாளி தன் இன்னொரு நிறுவனத்துக்கு இப்படித்தான் மாற்றினார். 2025 அக்டோபரில் அந்தக் கிளப்பும் நிர்வாகிகளின் கைக்குப் போய், 12 புள்ளிகளை இழந்தது.

கோவென்ட்ரி சிட்டியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் முன்னால் இருக்கும் இரண்டு திட்டங்களின் ஆபத்துகளும் அந்த ஒரு கிளப்பிலேயே நடந்திருக்கின்றன.

ஹைஃபீல்ட் ரோடு அவர்களுடைய நூற்றாண்டுப் பழைய சொந்த மைதானம். ஊரின் ஓரத்தில் 32,000 பேர் உட்காரும் புது ஸ்டேடியம் என்ற திட்டத்தைத் தொடங்கியதே கிளப்தான். நடுவில் பணம் தீர்ந்தது. பழைய மைதானம் கைவிட்டுப் போயிருந்தது. புது ஸ்டேடியத்தில் கிளப்புக்கு இருந்த பாதிப் பங்கும் ஓர் அறக்கட்டளைக்கு விற்கப்பட்டது. இன்னொரு பாதி நகர மன்றத்திடம் இருந்தது. 2005-ல் கிளப் அங்கே குடிபோனபோது தானே கனவு கண்ட கட்டடத்தில் வாடகைக்காரனாகத்தான் போனது. வருடத்துக்கு 12 லட்சம் பவுண்டுக்கும் மேல் வாடகை. ஆட்ட நாளில் விற்கும் சாப்பாடு, பீர், வண்டி நிறுத்தும் கட்டணம் ஆகியவற்றின் வருமானம் பெரும்பாலும் ஸ்டேடிய நிறுவனத்துக்கே போனது. பெரிய கிளப்புகள் புது ஸ்டேடியம் கட்டுவதே அந்த வருமானத்துக்காக. கோவென்ட்ரிக்கு இடம் மாறிய சிரமம் எல்லாம் வந்தது, வருமானம் வரவில்லை.

2007-ல் கிளப்பை ஒரு முதலீட்டு நிதி நிறுவனம் வாங்கியது. 2012-ல் அவர்கள் வாடகை கொடுப்பதை நிறுத்தினார்கள். வழக்குகள் வளர்ந்தன. 2013-14 சீசனில் சொந்த ஊர் ஆட்டங்களைச் சுமார் 35 மைல் தள்ளி நார்த்தாம்ப்டனில் ஆடினார்கள். ரசிகர்களில் ஒரு கூட்டம் உள்ளே போக மறுத்து, மைதானத்துக்கு வெளியே இருந்த மேட்டில் நின்று ஆட்டம் பார்த்தது. 2014-ல் ஸ்டேடியத்தை வாஸ்ப்ஸ் என்ற ரக்பி கிளப் வாங்கிவிட்டது. 2019-லிருந்து இரண்டு சீசன் பர்மிங்ஹாமில் ஆட்டம். 2022-ல் வாஸ்ப்ஸ் திவாலாகி, ஸ்டேடியம் தொழிலதிபர் மைக் ஆஷ்லியின் நிறுவனத்துக்குப் போனது. புது முதலாளி டக் கிங் 2025 ஆகஸ்டில் அதை வாங்கிய பிறகுதான் கிளப்புக்கு மறுபடி சொந்த மைதானம் என்று ஒன்று வந்தது. ஹைஃபீல்ட் ரோடை விட்டு 20 வருடம் ஆகியிருந்தது. அந்த 20 வருடமும் நடந்த சண்டை நிலத்தைப் பற்றியது. பந்து விளையாட்டு அதற்கு நடுவே எப்படியோ நடந்தது.

இதனால்தான், புதுப்பிப்பதா இடம் மாறுவதா என்பதை இரண்டாவது கேள்வியாக வைக்கச் சொல்கிறேன். பழைய இடத்திலேயே இருப்பது பாதுகாப்பு என்று உறுப்பினர்கள் நினைக்கிறார்கள். சொந்த வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கும் முகவரி மாறுவதில்லை. ஆனால் காலி செய்யச் சொல்லும் உரிமை இன்னொருவரிடம் போய்விடுகிறது. முதலாமவர் கெட்ட எண்ணத்தோடு அந்த வரியை எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஸ்டாண்டுகள் கட்டக் கடன் வாங்க வேண்டும். கடன் கொடுப்பவர்கள் நிலத்தைத் தனி நிறுவனத்தில் வைக்கச் சொல்வது வழக்கம்தான். அது கிளப்புக்கே முழுக்கச் சொந்தமான துணை நிறுவனமாக இருந்தால் பெரிய கவலை இல்லை. முதலாளிக்கோ அவர் குடும்பத்துக்கோ சொந்தமான நிறுவனமாக இருந்தால் நான் கையெழுத்துப் போட விடமாட்டேன்.

நிலத்தை ரசிகர்கள் காப்பாற்றிய முன்மாதிரியும் இருக்கிறது. செல்சீயின் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் எண்பதுகளில் நில வியாபாரிகளிடம் சிக்கி மீண்ட இடம். அதனால் 1993-ல் செல்சீ பிட்ச் ஓனர்ஸ் என்ற அமைப்பு உருவானது. ஆயிரக்கணக்கான ரசிகர்கள் பங்கு வாங்கினார்கள். மைதானத்தின் நிலமும் செல்சீ ஃபுட்பால் கிளப் என்ற பெயருக்கான உரிமையும் அந்த அமைப்பிடம் இருக்கின்றன. அதன் சம்மதம் இல்லாமல் இடம் மாறினால் அந்தப் பெயரில் ஆட முடியாது. 2011-ல் அப்போதைய முதலாளி ரோமன் அப்ரமோவிச் நிலத்தைத் திரும்ப வாங்க முயன்றார். 75 விழுக்காடு ஓட்டு தேவைப்பட்டது, 61.6 விழுக்காடுதான் கிடைத்தது. 2022-ல் கிளப் 250 கோடி பவுண்டுக்குக் கைமாறியபோதும் அந்த நிலம் ரசிகர்களிடமே இருந்தது. ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜைப் புதுப்பிப்பதா, ஏர்ல்ஸ் கோர்ட்டுக்குப் போவதா என்று புதிய முதலாளிகள் யோசிக்கும்போது, அவர்கள் ரசிகர்களிடம் வந்து கேட்டே ஆக வேண்டும். உலகின் பெரும் பணக்காரர்களைக் கேட்க வைத்தது, ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு பத்திரம்.

இனி உங்கள் நேரடிக் கேள்வி.

9,000 பேர் வரும் கிளப்புக்கு 25,000 இருக்கை தேவை இல்லை. டார்லிங்டனில் 2003-ல் ஜார்ஜ் ரெய்னால்ட்ஸ் என்ற முதலாளி, சில ஆயிரம் பேர் மட்டுமே ஆட்டம் பார்க்க வந்த கிளப்புக்கு 25,000 இருக்கை கொண்ட ஸ்டேடியம் கட்டினார். அந்த வருட முடிவுக்குள் கிளப் நிர்வாகிகளின் கைக்குப் போனது. அதன் பராமரிப்புச் செலவைப் பின்னால் வந்த எவராலும் தாங்க முடியவில்லை. 2012-ல் கிளப்பைக் காப்பாற்றிக் கீழ்மட்ட லீக்கில் மறுபடி தொடங்கியவர்கள் ரசிகர்கள்தாம். லீக் ஒன்னில் சொந்த மைதானத்தில் வருடத்துக்கு 23 லீக் ஆட்டங்கள். மீதி நாட்களில் அந்தக் கட்டடம் எதைச் சம்பாதிக்கும் என்பதற்கு இரண்டாமவரின் அறிக்கையில் "மாநாடுகள், நிகழ்ச்சிகள்" என்று இரண்டே சொற்கள் உள்ளன. அதற்கு எண்களைக் கேளுங்கள். 15,000 இருக்கையில் தொடங்கி, தேவை வந்தால் மூலைகளை நிரப்பிக்கொள்ளும் வடிவமைப்பாக மாற்ற அவர் தயாரா என்றும் கேளுங்கள்.

புது ஸ்டேடியம் எப்போதும் தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆர்சனல் 38,000 பேர் உட்கார்ந்த ஹைபரியை விட்டு 2006-ல் 60,000 பேர் உட்காரும் எமிரேட்ஸுக்குப் போனது. கட்டுமானத்துக்கு 39 கோடி பவுண்ட். ஆனால் அவர்களுக்கு இருக்கைக்குக் காத்திருந்தவர்களின் பட்டியல் கையில் இருந்தது. புது ஸ்டேடியம் பழைய மைதானத்திலிருந்து நடக்கும் தூரம்தான். ஹைபரி குடியிருப்பாக மாறிய பணம் கிளப்புக்கே வந்தது. அப்படி இருந்தும் 2005-க்குப் பிறகு 2014 வரை ஒரு கோப்பை இல்லை. கடன் தவணைதான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். பெரிய காரணம் என்று சொல்வேன்.

புதுப்பிப்பதற்கு நல்ல பாடம் லிவர்பூல். 2007-ல் வாங்கிய டாம் ஹிக்ஸும் ஜார்ஜ் ஜில்லெட்டும், பக்கத்துப் பூங்காவில் புது ஸ்டேடியம் கட்டும் வேலை 60 நாளில் தொடங்கும் என்ற நம்பிக்கையைக் கொடுத்தார்கள். ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை. வாங்கிய கடன் மட்டும் கிளப்பின் தலையில் ஏறியது. 2010-ல் நீதிமன்றம் வரை போய் கிளப் 30 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டது. அடுத்து வந்தவர்கள் பழைய மைதானமான ஆன்ஃபீல்டிலேயே இருக்க முடிவெடுத்து, பழைய மெயின் ஸ்டாண்டுக்குப் பின்னாலேயே புதியதைக் கட்டினார்கள். ஆட்டம் நிற்கவில்லை, 2016-ல் அது திறந்தது. ஆன்ஃபீல்ட் ரோடு பக்கமும் முடிந்த பிறகு இப்போது சுமார் 61,000 இருக்கைகள். அங்கேயும் விலை கொடுத்தவர்கள் உண்டு. விரிவாக்கத்துக்காகக் கிளப் பல வருடமாகச் சுற்றியிருந்த வீடுகளை வாங்கிப் பூட்டி வைத்ததில் தெருக்களே பாழடைந்தன; அங்கே வாழ்ந்தவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. 2023-ல் கட்டுமான நிறுவனமே திவாலாகி, வேலை பாதியில் நின்று பிறகு தொடர்ந்தது.

ஆகவே முதலாமவரிடம் கேட்க வேண்டியவை: எந்த ஸ்டாண்ட் முதலில்? மெயின் ஸ்டாண்டில்தான் உடை மாற்றும் அறை, விருந்தினர் அறைகள், அலுவலகம் எல்லாம் இருக்கும். ஆட்ட நாள் வருமானத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான். அதை முதலில் இடித்தால் அந்த ஒரு வருட வருமானம் எங்கிருந்து வரும்? வேலை நடக்கும்போது 12,000 எத்தனையாகக் குறையும், சீசன் டிக்கெட்காரர்கள் எங்கே உட்காருவார்கள்? கட்டுபவர் திவாலானால் யார் முடிப்பது? சுற்றுத் தெருக்காரர்களிடம் யாராவது பேசினார்களா?

பணம் பற்றி இருவரிடமும் ஒரே கேள்வி. கட்டப் போடும் பணம் பங்கு மூலதனமா, கிளப்புக்குக் கொடுக்கும் கடனா? "முதலீடு" என்று இருவரும் எழுதியிருக்கிறார்கள். கடனையும் அப்படித்தான் எழுதுவார்கள். 2005-ல் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியபோது, வாங்கப் பயன்பட்ட கடனில் பெரும்பகுதியைக் கிளப்பே சுமந்தது. இன்னொன்று, விற்பனைக்கு லீக்கின் ஒப்புதல் கிடைக்கும் முன்பே வாங்குபவர் கிளப்புக்குக் கடன் கொடுக்க முன்வந்தால் கவனம். எவர்ட்டன் கிளப்பை வாங்க 2023-ல் ஒப்பந்தம் போட்ட 777 பார்ட்னர்ஸ், ஒப்புதலுக்குக் காத்திருந்த மாதங்களில் சுமார் 20 கோடி பவுண்ட் கடன் கொடுத்தது. 2024-ல் விற்பனை முறிந்தது, கடன் நின்றது. அடுத்து வாங்கிய ஃப்ரீட்கின் குழுமம் அதையும் தீர்த்துத்தான் உள்ளே வர வேண்டியிருந்தது.

இரண்டாமவரின் திட்டத்தில் எனக்குத் தூக்கம் வராத இடம் பழைய மைதானத்தை எப்போது விற்கிறார் என்பது. பிரைட்டன் கிளப்பின் கோல்ட்ஸ்டோன் மைதானம் 1995-ல் விற்கப்பட்டபோது போக வேறு இடம் இல்லை. இயக்குநர்கள் மைதான விற்பனையில் லாபம் பார்ப்பதைத் தடுத்த பிரிவு கிளப்பின் விதிகளிலிருந்து நீக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தவர்கள் ரசிகர்கள். 1997-லிருந்து இரண்டு வருடம் சுமார் 70 மைல் தள்ளி ஜில்லிங்காமில் ஆடினார்கள். பிறகு ஒரு தடகள மைதானத்தில் பன்னிரண்டு வருடம். சொந்த ஸ்டேடியம் 2011-ல்தான் வந்தது. எனவே புது ஸ்டேடியம் முடிந்து, பாதுகாப்புச் சான்று வாங்கி, திறந்த பிறகே பழைய இடத்தில் கை வைக்கலாம் என்பதை நகர மன்றத்தின் திட்ட அனுமதியிலேயே, திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவு ஒப்பந்தமாகக் கட்டிப்போட முடியும். உங்கள் கவுன்சிலரிடம் இப்போதே பேசுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் முன்னைவிட அதிகமாக இருக்கிறது. 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டத்தின்படி, மேல் ஐந்து டிவிஷன் கிளப்புகளுக்குச் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு வருகிறது. மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ இடம் மாறவோ அதன் ஒப்புதல் வேண்டும். புது முதலாளியின் தகுதியையும் அது பார்க்கும். நல்ல சட்டம். ஆனால் ஒப்புதல் தருபவர் கிளப்பின் நிதியையும் பாரம்பரியத்தையும் தாக்கல் செய்யப்பட்ட காகிதங்களை வைத்துத்தான் எடைபோடுவார். உங்கள் கேள்விகளும் அந்தக் காகிதங்களில் இருக்க வேண்டும். 2011 உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் மைதானத்தைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பட்டியலிடவும் விண்ணப்பியுங்கள். நிலம் விற்பனைக்கு வந்தால் ஆறு மாதம் நிறுத்திவைக்க அது உதவும். கிளப்பின் பங்குகள் கைமாறுவதை அது தடுக்காது என்பதையும் உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பலர் அதை முழுக் கவசம் என்று நம்புகிறார்கள்.

உண்மையான பலம் இப்போதைக்கு வேறொருவரிடம் இருக்கிறது: விற்கும் முதலாளியிடம். கையெழுத்துப் போட்டு முடிந்த பிறகு வாங்கியவர் உங்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. அதற்கு முன் விற்பவர் எந்த நிபந்தனையையும் வைக்கலாம். கிளப்பை நேசிப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை நேரில் போய்ப் பாருங்கள். நிலம் கிளப் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். டிரஸ்டின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கைமாற்றவோ அடமானம் வைக்கவோ முடியாது என்ற கட்டுப்பாடு நிலப் பதிவேட்டிலேயே பதியப்பட வேண்டும். எதிர்காலத்தில் நிலம் வீடுகளுக்கு விற்கப்பட்டால் கூடுதல் லாபம் கிளப்புக்கே திரும்ப வேண்டும். இந்த மூன்றையும் விற்பனை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் விலை குறையலாம் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால்: இரண்டு பேரும் இந்த நிபந்தனைகளை ஏற்றால், பழைய இடத்திலேயே இருக்கும் முதலாமவரை ஆதரியுங்கள். உங்கள் கூட்டத்துக்கு 18,000 போதும், ஆட்டமும் ஊருக்குள்ளேயே இருக்கும். நிலத்தைக் கிளப்பின் பெயரில் விட அவர் மறுத்து, இரண்டாமவர் சம்மதித்து, ஸ்டேடியத்தின் அளவையும் குறைத்துக்கொண்டால், மனசு எவ்வளவு கனத்தாலும் இரண்டாமவரை ஆதரியுங்கள். இருவருமே மறுத்தால் டிரஸ்ட் யாரையும் ஆதரிக்கக் கூடாது. ஏன் என்பதை உறுப்பினர்களுக்கு விளக்கி எழுதுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: மைதானத்தின் நிலப் பதிவேட்டு நகலைச் சிறு கட்டணம் கட்டி எடுங்கள், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நிறுவனங்களின் பதிவு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸில் கிளப்பின் கணக்குகளும், பதிவான அடமானங்களும் இலவசமாகவே கிடைக்கும். பிறகு மேலே உள்ள கேள்விகளை இரண்டு பேருக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் அனுப்பி, பதில் வர இரண்டு வாரம் கொடுங்கள். வரும் பதில்களையும் அந்தப் பதிவேட்டு நகலையும் எனக்கு அனுப்பினால், டிரஸ்டின் பொதுக்கூட்டத்துக்கு முன் படித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன். கட்டணம் வேண்டாம்.